காடு அச்சடிக்கும் மெஷின்

கண்ணை மூடியதும் நந்தகோபாலுக்கு மூன்று பிரிண்டர்களும் வரிசையாக வந்து நின்றன. "தொறக்காதீங்க சார், தொறந்தா மருந்து வெளிய வந்துரும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டாள். கண்பாவை விரிவதற்கு நேரமாகுமாம், நடுவில் இன்னும் ஒரு தடவை சொட்டு விடுவார்களாம், அதுவரை இப்படியே சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். ஒருவகையில் நல்லதாகப் போயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டான், ஆற அமர யோசித்து இன்றைக்கு ஒரு பிரிண்டரை முடிவு செய்துவிடலாம். வீட்டில் சுகன்யாவிடம் சொல்லிவிட்டு வந்ததும் அதைத்தானே. காந்திபுரம் போறேன், அந்த த்ரீ-டி பிரிண்டரைப் பாத்து முடிச்சுட்டு வந்தர்றேன். முழுப்பொய் என்று சொல்ல முடியாது, பஸ் காந்திபுரம் வழியாகத்தான் வந்தது. வண்டி எடுக்கலீங்களா என்று அவள் கேட்டதற்கு, பெட்டி பெரிசா இருக்கும், வரும்போது ஆட்டோவுல வெச்சுக் கொண்டாந்தர்றேன் என்று சொன்னான். அந்தப் பதில் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்பதை நினைத்தால் அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறேன், சொட்டு விட்டால் வண்டி ஓட்ட முடியாது, அதனால்தான் பஸ் என்று சொல்ல எத்தனை வார்த்தை ஆகும்? சொல்லியிருந்தால் அவள் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் அண்ணன் ஜெகதீசன் பேச்சு வரும். ஜெகதீசன் பேச்சு வந்தால், சரி, பிரிண்டருக்கு வருவோம். மூன்று. ஒன்று ரெசின் மெஷின், ஒன்று டச் ஸ்கிரீன் வைத்த புது மாடல், ஒன்று குமிழைத் திருகி ஓட்டுகிற பழைய மாடல். போன சனிக்கிழமை கடையில் மூன்றையும் காட்டிய பையன் புது மாடலைத் தட்டிக்கொடுத்து, "சார், இத நீங்க கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றான். இதோ மூடியாயிற்று, வாங்கத்தான் முடியவில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து விபூதியும் வெற்றிலையும் கலந்த வாசம் வந்தது, கூடவே ஒரு குரல். "தம்பிக்கு என்னங், பொறையா?" இல்லீங்க, சும்மா செக்கப்புங்க என்றான். சும்மா. அந்தச் சும்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? பெரியவர் தன்னுடைய புரையைப் பற்றி ஆரம்பித்தார், எந்தக் கண் முதலில், எந்தக் கண் அப்புறம், மருமகன் எந்த ஊர். நந்தகோபால் ம் கொட்டிக்கொண்டே ரெசினுக்குள் போய்விட்டான். ரெசின் என்பது ஒரு தொட்டி நிறையக் கொழகொழவென்று பிசின், அடியிலிருந்து வெளிச்சம் அடிக்க அடிக்க அது இறுகி உருவமாகி மேலே எழும்பி வரும். கடையில் ஒரு கோட்டைச் சுவரை அப்படி எடுத்து வைத்திருந்தார்கள். விரல் நீளம்கூட இல்லை, அதில் ஒவ்வொரு செங்கல்லும், செங்கல்லுக்கு நடுவே சாந்து வழிந்திருப்பதும், ஒரு கல்லின் மூலை உடைந்திருப்பதும் தெரிந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது, அவ்வளவு ஆசை. ஆனால் வீட்டில் அதை எங்கே வைப்பது? நாற்றம் குடலைப் பிடுங்குமாம், கையுறை போடாமல் தொடக்கூடாதாம், எடுத்த உருவத்தை ஆல்கஹாலில் அலசி வெயிலில் காட்ட வேண்டுமாம், ஒரு சொட்டு தரையில் சிந்தினால் துடைத்து மாளாதாம். இரண்டு ரூம் வீட்டில், சமையல்கட்டு ஜன்னலைத் தவிர வேறு ஜன்னல் ஒழுங்காகத் திறக்காத வீட்டில், சுகன்யா அதையும் அவனையும் சேர்த்துத்தான் வெளியே வைப்பாள். அதோடு ஜெகதீசன் தொட்டால் அந்தச் செங்கல் அவனுக்கு என்ன சொல்லும்? வழவழவென்று ஒரு கட்டி, அவ்வளவுதான். கண்ணுக்குத்தான் அது செங்கல், விரலுக்கு அது சோப்பு. ஆகவே ரெசின் வேண்டாம், போன வாரமே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, ஆனாலும் அந்தச் சுவர் இமைக்குள் வந்து வந்து நிற்கிறது, மூலை உடைந்த அந்த ஒரு கல் உட்பட.

அவர்கள் அதைக் காடு என்றுதான் சொல்வார்கள். பொம்மைப் படைகளை வைத்துப் பகடை உருட்டி ஆடுகிற ஆட்டத்துக்கு மேஜைமேல் மலையும் சுவரும் பாலமும் வேண்டுமே, அந்த மொத்த அமைப்புக்கும் அண்ணன் தம்பி இருவரிடமும் வேறு பெயர் கிடையாது. அப்பா தினமும் காலையில் காட்டுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டுப் போனது மஞ்சளும் வாழையும் போட்ட வயலுக்கு. இவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுக் காடு வெக்கலாமா என்பார்கள். கல்யாணமான புதிதில் சுகன்யா தன் அம்மாவிடம் போனில், அவரும் அவங்கண்ணனும் காட்டு வேலையா இருக்காங்கம்மா என்று சொல்லப்போய், மாப்பிள்ளை லீவு நாளில்கூட விவசாயம் பார்க்கிறார் என்று அந்த அம்மாள் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டாராம். மலைக்குத் தெர்மாகோல், சுவருக்கு அட்டை, பாலத்துக்கு ஐஸ்கிரீம் குச்சி. நந்தகோபால் பகலெல்லாம் பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிறவன், அவனுக்கு அளவு சரியாக இருக்க வேண்டும். ஜெகதீசனுக்குக் கதை சரியாக இருக்க வேண்டும், இந்தச் சுவரை எவன் கட்டினான், ஏன் பாதியில் விட்டான் என்று சொல்லாமல் பசையைத் தொடமாட்டான். இப்படியே எத்தனையோ வருஷம் ஓடியது. அப்புறம் ஜெகதீசனுக்குக் கண் போக ஆரம்பித்தது. முதலில் ராத்திரி, பிறகு அந்தி, பிறகு பகலிலேயே ஓரம். இப்போது நடுவில் ஒரு காசு அளவுக்கு மிச்சமிருக்கிறது, அந்தக் காசுக்குள் எது வருகிறதோ அதுதான் அவனுக்கு உலகம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கையில் குச்சியோடு காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே நடந்து ஞாயிறு தவறாமல் வந்துவிடுவான். காட்டைக் கையால் தடவுவான். மலை எங்கே ஏறுகிறது, சுவர் எங்கே முடிகிறது எல்லாம் விரல்தான். தெர்மாகோல் பாவம், தடவத் தடவ உதிர்ந்தது, அட்டை மடங்கியது. அதற்குத்தான் பிரிண்டர். கெட்டிப் பிளாஸ்டிக்கில், எவ்வளவு தடவினாலும் அசையாத காடு ஒன்று செய்து வைத்துவிட்டால் அண்ணன் தொடர்ந்து வருவான். அதற்காக மட்டும்தான். வேறு எதற்காகவும் இல்லை.

வேறு எதற்காகவும் இல்லை என்று இரண்டாம் முறை சொல்லிக்கொண்டபோது மார்புக்குள் ஏதோ ஒரு இடத்தில் இடறியது. பாக்கலாம்டா. போன ஞாயிறு கிளம்பும்போது வாசல்படியில் நின்று ஜெகதீசன் சொன்னது. அடுத்த வாரம் வர்றதான என்று நந்தகோபால் கேட்டான், அதுவரை அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை, அன்றைக்கு ஏனோ கேட்டான். பாக்கலாம்டா என்றான். இந்த ஊரில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எவனாவது சொல்லிவிட முடியுமா? கடனைக் கேட்டால் பாக்கலாம், பெண் கேட்டுப் போனால் பாக்கலாம், சம்பளம் கூட்டிக் கேட்டால் முதலாளி சொல்வதும் பாக்கலாம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த வார்த்தை அது. ஆனால் நிஜமாகவே வருகிறவனும் அதையேதான் சொல்கிறான், சாயங்காலம் டீ குடிக்க வர்றியா என்றால் பாக்கலாம் என்றுவிட்டு இவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பான். ஜெகதீசனின் பாக்கலாம் இதில் எது? இழுத்துச் சொன்னானா, வெட்டிச் சொன்னானா? நந்தகோபால் அந்த வார்த்தையை வாரம் முழுக்க மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டான். திங்கட்கிழமை அது வருகிறேன் மாதிரி கேட்டது. புதன்கிழமை வரமாட்டேன் மாதிரி. நேற்று டிராயிங்கில் ஒரு வட்டத்தைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டு, அதை அழிக்கும்போது, இனிமேல் எதற்கு என்கிற மாதிரி கேட்டது. அன்றைக்கு அவன் கிளம்புவதற்கு முன்னால் சுவர் விழுந்ததே, அதனாலா? கோட்டைச் சுவர், மூன்று ஞாயிறு உட்கார்ந்து ஒட்டிய அட்டைச் சுவர், மேஜை ஓரத்தில் இருந்தது, சரிந்து தரையில் போய் விழுந்தது. கை பட்டுருச்சு என்றான் ஜெகதீசன். நந்தகோபால், அதனாலென்னண்ணா உடுண்ணா என்று குனிந்து பொறுக்கினான். பாவம், கண் தெரியாத கை, அதற்குள்ளே அவனுக்கு எத்தனை சங்கடமாக இருந்திருக்கும், அந்தச் சங்கடத்தில்தான் பாக்கலாம் என்று சொல்லியிருப்பான். ஆகவே பிளாஸ்டிக் சுவர். விழுந்தாலும் உடையாத சுவர். எல்லாம் சரியாகத்தான் பொருந்துகிறது, பிறகு ஏன் இடறுகிறது?

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கண்ணைத் திறக்காமலே எடுத்துத் தடவி, காதில் வைத்தான். "ஏனுங்க, எது எடுத்தீங்க?" சுகன்யா. பின்னால் குக்கர் விசில். இன்னும் ரெண்டுல ஒண்ணுன்னு யோசிச்சுட்டு இருக்கேன் என்றான். "இத்தன நேரமாவா? பொண்ணுப் பாக்க வந்தப்பக் கூட நீங்க இத்தன யோசிக்கல." சிரித்தான். சிரிப்பு அவன் காதுக்கே சினிமாக்காரன் சிரிப்பு மாதிரி கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா அந்த நர்ஸ் வரவேண்டும், "சார், தலையச் சாச்சுக்கங்க, அடுத்த சொட்டு" என்று தெளிவாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "யாருங்க அது? என்ன சொட்டு?" என்றாள் சுகன்யா. "பிசின்" என்றான் நந்தகோபால். "பிசின் மெஷின் ஒண்ணு காட்டறாங்க. சொட்டு சொட்டா எறங்குது." நர்ஸின் விரல் இமையைப் பிரித்தது, குளிர்ச்சியாக ஒரு துளி, பிறகு எரிச்சல், இன்னொரு கண், இன்னொரு துளி. பல்லைக் கடித்துக்கொண்டான். "நாறும்னீங்களே அதுவா? அதெல்லாம் வேண்டாஞ் சாமி" என்றாள் சுகன்யா. வேண்டாம் வேண்டாம், அத எடுக்கல என்றான். குக்கர் இன்னொரு விசில் அடித்தது. "பாத்து வாங்க" என்றுவிட்டு வைத்தாள். கன்னத்தில் மருந்து வழிந்தது, அழுகிறவன் மாதிரி. பெரியவர், "ஊட்டுக்காரிங்களா?" என்றார். ஆமாங்க. "ஊட்ல சொல்லீட்டு வர்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "நானும் மொதல்ல அப்பிடித்தான்" என்று அவர் வெற்றிலையை மடித்தார். இந்த ஆளுக்குக் காது மட்டும் நன்றாக இருக்கிறது என்று நந்தகோபாலுக்குக் கோபம் வந்தது.

எழுந்து போய்விடலாம். யாரும் பிடித்து வைக்கவில்லை, கதவு அங்கேதான் இருக்கிறது, காற்று வருகிற பக்கம். ஆனால் எழுந்தால் எதையும் தெளிவாகப் பார்க்க முடியாது, படி தெரியாது, பஸ் நம்பர் தெரியாது. மருந்து விட்டுவிட்டு ஆளைத் தப்பிக்க முடியாமல் உட்காரவைத்துவிடுகிறார்கள், கெட்டிக்காரர்கள். ஜெகதீசனுக்கு நோயின் பெயரைச் சொன்ன அன்றைக்கே டாக்டர் கேட்டாராம், அப்பா அம்மா சொந்தமுங்களா என்று. சொந்தம்தான். அம்மாவுக்கு அப்பா தாய்மாமன். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, பிறகு அந்த மாமனுக்கே கட்டி வைத்தார்கள். கூடப் பொறந்தவங்களையும் ஒருக்காக் காட்டச் சொல்லுங்க என்று அந்த டாக்டர் சொல்லியனுப்ப, ஜெகதீசன் வந்து சொல்ல, ஆகட்டும்ணா என்று இவன் சொல்ல, அதோடு போயிற்று. அப்புறம் ஒருநாள் அவினாசி ரோட்டில் அந்தி நேரத்தில் ஒரு ஆள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வண்டிக்கு முன்னால் முளைத்தான். அப்புறம் தியேட்டரில் படியில் சறுக்கினான். அப்புறம் கதவு, மேஜை மூலை, கீழே வைத்த செருப்பு. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு என்று சுகன்யா வேடிக்கையாகக் கேட்டாள், அவனும் வேடிக்கையாகப் பின்கழுத்தைத் தடவிக் காட்டினான். யாருக்குத்தான் இதெல்லாம் நடக்காது? வயசாகிறது. தூக்கம் பத்தவில்லை. எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தால் யாருக்கும். பிரிண்டர். பிரிண்டரை நினை. டச் ஸ்கிரீன் வைத்தது வேகம், தானாகவே அடித்தட்டைச் சமன் பார்த்துக்கொள்ளும், உள்ளே கேமரா, வேலை எப்படி நடக்கிறது என்று ஆபீஸிலிருந்தே பார்க்கலாம். விலை கூட, ஆனால் தவணையில் சமாளிக்கலாம். பார்த்தவர் எல்லாரும் அதைத்தான் நம்பகம் என்கிறார்கள். குமிழ் வைத்தது பாதி விலை. சந்தகை பிழிகிற மாதிரி பிளாஸ்டிக் இழையைச் சூடாக்கிப் பிழிந்து, ஒரு வரிமேல் ஒரு வரியாக அடுக்கும். சத்தம் போடும். நாள் பூராவும் ஓடும். எடுத்த பொருளில் வரிவரியாகத் தழும்பு தெரியும். பார்வைக்கு நன்றாக இல்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் போகும் என்று அதை வாங்கின அத்தனை பேரும் புலம்புகிறார்கள்.

ஆனால் கடையில் அந்த வரிபோட்ட மலையை அவன் கையில் எடுத்தபோது ஒரு விஷயம் நடந்தது. கட்டைவிரலை அடிவாரத்திலிருந்து மேலே ஓட்டினான். சரிவு லேசாக இருக்கிற இடத்தில் வரிகள் அகலம் அகலமாக, படிக்கட்டு மாதிரி வந்தன. செங்குத்தான இடத்தில் நெருங்கி நெருங்கி, நகத்துக்குள் சிக்குகிற அளவுக்கு வந்தன. மலையைப் பார்க்கவே வேண்டாம். எத்தனை வரி ஏறினோம் என்று விரலே எண்ணிக்கொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தொலைக்கச் சொல்கிற அந்தத் தழும்புதான் அண்ணனுக்கு மலை! அன்றைக்கே அதை வாங்கியிருக்க வேண்டும். ஏன் வாங்கவில்லை? இது பழசுங்க சார், தட்டைக் கையால சமன் பண்ணோணும் என்று கடைப்பையன் உதட்டைப் பிதுக்கினான். எப்படி என்று கேட்டதற்குச் செய்து காட்டினான். பிழிகிற மூக்குக்கும் கீழே இருக்கிற தட்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தை விட வேண்டும், நாலு மூலையிலும் அடியில் இருக்கிற சக்கரத்தைத் திருகிக்கொண்டே காகிதத்தை இழுக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி அதிகம், வரவே மாட்டேன் என்றால் குறைவு, லேசாகப் பிடித்துப் பிடித்து வந்தால் சரி. அதில் கண்ணுக்கு ஒரு வேலையும் கிடையாது. குமிழும் அப்படித்தான், திருகத் திருக டிக் டிக் என்று விரலில் இடிக்கும், இத்தனை டிக்குக்கு இன்ன வேலை என்று பழகிவிட்டால் போதும், முடிந்ததும் கீச்சென்று கூவும். டச் ஸ்கிரீன் ஊமைக் கண்ணாடி, அதில் விரலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மூடிய இமைக்குள் நந்தகோபால் அந்தப் பழைய மெஷினை வீட்டு மேஜைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தான். காகிதத்தை விட்டான். சக்கரத்தைத் திருகினான். காகிதத்தை இழுத்தான். லேசாகப் பிடித்தது. நன்றாகத்தான் இருந்தது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செய்துகொண்டிருக்கலாம் போல இருந்தது, அப்போதுதான் காகிதத்தை இழுக்கிற விரலில் மோதிரம் இருப்பது தெரிந்தது. ஜெகதீசன் மோதிரம் போடுவதில்லை.

பயமாக இருந்தது. வேறு எந்தச் சொல்லைப் போட்டு மூடினாலும் அது பயம்தான். அவன் வாரக்கணக்கில் அண்ணனுக்கு என்று சொல்லிக்கொண்டு தனக்கு மெஷின் தேடியிருக்கிறான். கண் இல்லாமல் எதை ஓட்டலாம், எது கடைசிவரை கைவிடாது என்று. அந்தச் சுவரும் அதே வேகத்தில் திரும்ப வந்து விழுந்தது. அன்றைக்கு ஜெகதீசனின் வலது கையில் பகடை இருந்தது. இடது கை பாலத்தின்மேல் இருந்தது, தன் படையை எண்ணிக்கொண்டிருந்தான். மேஜை ஓரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், டீ டம்ளர் இருந்தது, அதை எடுக்க நீண்டது யாருடைய கை? கை பட்டுருச்சு. "என்ற கை" என்று அவன் சொல்லவில்லை. "உன்ற கை" என்றும் சொல்லவில்லை. யார் கை என்று சொல்லாமலே ஒரு பேச்சைப் பேசி முடித்துவிடலாம், கேட்கிறவன் தனக்குச் சௌகரியமான கையை எடுத்துக்கொள்வான். நந்தகோபால் எடுத்துக்கொண்டான். அண்ணன் கையை எடுத்துக்கொண்டு, அதற்கு உச்சுக்கொட்டி, உடுண்ணா என்று பெரிய மனசு வேறு காட்டினான். காசு அளவு பார்வை உள்ளவனுக்குத் தெரிந்திருக்கிறது, டம்ளரைத் தேடின கை சுவரைக் காணவில்லை என்று. தெரிந்துதான் பாக்கலாம் என்றிருக்கிறான். வராமல் போவதற்கு அவனுக்கு வேறு காரணம் என்ன வேண்டும், தான் நடந்து வந்த அதே வழியில் தம்பியும் வருவதை எதிரில் உட்கார்ந்து ஞாயிறு ஞாயிறாக எவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? "நந்தகோபால்" என்று யாரோ கூப்பிட்டார்கள். "நந்தகோபால் யாருங்க?" பெரியவர் முழங்கையால் இடித்தார், "தம்பி, உங்களத்தானுங்."

கண்ணைத் திறந்தால் எல்லாம் பால் ஊற்றின மாதிரி இருந்தது. நர்ஸ் கைபிடித்து உள்ளே உட்காரவைத்தாள். டாக்டர் சின்ன வயசுப் பெண், குரலில் அவசரம் இல்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேலே பாருங்க, கீழே பாருங்க, காதுப் பக்கம் பாருங்க என்று இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். அண்ணனுக்கு இருப்பதைச் சீட்டில் எழுதியிருந்தீர்களே, எத்தனை வருஷமாச்சு என்று கேட்டார். சொன்னான். "இத்தன வருசம் ஏன் வரலீங்க?" என்று கேட்டார். "பிரிண்டர் பாக்கற வேலை இருந்துச்சுங்க" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்து முழங்கால் இடிக்கிற தூரத்தில் எதிரே உட்கார்ந்தார். "என்னோட மூக்கையே பாருங்க. ரெண்டு பக்கமும் ஓரத்துல என் விரல் வரும். அசையறப்ப அசையுதுன்னு சொல்லுங்க." மங்கலாக ஒரு மூக்கு. அதையே பார்த்தான். வலப்பக்கம் கிணிங் என்றது. அசையுதுங்க என்றான். இடப்பக்கம் கிணிங். அசையுதுங்க. வலம், அசையுதுங்க. இடம், அசையுதுங்க. கண்ணாடி வளையல்கள் போட்டிருந்தார். நந்தகோபாலுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று நன்றாகவே தெரிந்தது, பரீட்சையில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்க்கிற அதே படபடப்பு, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு கிணிங்குக்கும் தவறாமல் அசையுதுங்க என்று சொல்லிக்கொண்டே போனான், முழு மார்க்கு வாங்கிவிட்டால் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்பதுபோல. டாக்டர் நிறுத்தினார். "ஒரு நிமிசங்க" என்றார். ஒரு கையிலிருந்து வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மற்றக் கை. "இப்ப மறுபடி மூக்கப் பாருங்க."

பார்த்தான். அறையில் ஏசி சத்தம் மட்டும் இருந்தது. மூக்கு அப்படியே இருந்தது. வெளியே எங்கோ ஒரு குழந்தை அழுது நின்றது. காதைத் தீட்டி வைத்துக்கொண்டான், துணி உரசுகிற சத்தம், மூச்சு, எதுவாவது. ஒன்றும் வரவில்லை. இன்னும் கையைத் தூக்கவில்லை போலிருக்கிறது, ஏதாவது எழுதுகிறாராக்கும். "ஆரம்பிச்சுட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டான்.

"அசைச்சுட்டேதாங்க இருக்கேன்" என்றார் அவர்.

பிறகு விரல்கள் வந்தன. வெகுநேரம் கழித்து, அவர் காதோரத்துக்குக் கிட்டத்தில், தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருகிற மாதிரி. தெரியுதுங்க என்றான், இந்தத் தடவை நிஜமாக. டாக்டர் நிதானமாகச் சொன்னார். நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, ஓரம் இரண்டு பக்கமும் குறைந்திருக்கிறது, இன்னும் சில டெஸ்ட்டுகள் எடுக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் போகும் என்று இன்றைக்கே யாரும் சொல்ல முடியாது, சிலருக்கு வெகு காலம் அப்படியே நிற்கும், அந்தியில் வண்டி மட்டும் வேண்டாம். அடுத்த முறை வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். சரிங்க, சரிங்க என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில் அவர் வளையல்களை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

வாசலில் வெயில் கண்ணைக் குத்தியது. போனைத் திறந்தால் திரை முழுக்க வெள்ளை வெளிச்சம், ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. கேட்டை ஒட்டி டீ போடுகிற அக்காவிடம் நீட்டி, அண்ணன்னு இருக்குமுங்க, போட்டுக் குடுங்க என்றான். அந்த அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தான் ஜெகதீசன்.

"எங்கிருக்க?"

"கண்ணாஸ்பத்திரி வாசல்ல."

அண்ணன் எதற்குப் போனாய் என்று கேட்பான், இவன் சொல்லலாம் என்று வைத்திருந்தான். அவன் அதைக் கேட்கவில்லை. "என்னன்னாங்க?" என்றுதான் கேட்டான்.

"ஓரம் கொறஞ்சிருக்குதாமா. நடு நல்லாருக்குதாமா." டீக்கடை அக்கா எதிரில் நின்றுகொண்டிருந்தது, திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். "அண்ணா, செவுரத் தள்ளிவுட்டது நானு."

"தெரியும் போ." மூக்கை உறிஞ்சுகிற மாதிரி கேட்டது. "மெஷின் எடுத்துட்டயா?"

"இல்ல. இனித்தான் போகோணும். திருகற மாடலே எடுத்தர்லாம்னு இருக்கறேன்."

"அதையே எடு. நாளைக்கு வர்றேன்."

"வர்றியா?"

"வர்றேங்கறனல்ல. இனிமே எதுத்தாப்புல உக்காராத, என்ற பக்கத்துல உக்காரு. நடுவுல இருக்கறத நீ பாத்துச் சொல்லு. ஓரத்த நான் தடவிப் பாத்துக்கறேன்."

நந்தகோபாலுக்கு அழுகை வந்தது. மருந்து வழிந்த கண்தான், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்று நன்றாகவே அழுதான். "ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காந்தா எதிரிக்கு எங்கண்ணா போறது?" என்று கேட்டான்.

"சுகன்யா சும்மாதான இருக்கறா" என்றான் ஜெகதீசன். "மொதல்ல ஊட்டுக்குப் போய் அவகிட்டச் சொல்லு."